ஒரு சிட்டிகை கல்மாவு

ரொட்டிக்கார நூருல் அமீன் சைக்கிளைச் சாய்த்து வைக்காமலே ஈயச் சுரங்கத்து வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, செல்லையா கல் தேய்த்துக்கொண்டிருந்தார். கெர்லிங்குக்குப் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலையில் ரொட்டி விற்றுவிட்டு, ராசா வரைக்கும் வந்து மிச்சத்தைத் தீர்த்துவிட்டுத் திரும்புவது அமீனின் வழக்கம். ரொட்டியோடு சேதியும் வரும். அன்றைக்கு வந்த சேதி செல்லையாவின் வீட்டைப் பற்றியது. அவர் மனைவி நல்லம்மாளைத் தோட்டத்துக் கேட்டில் நிறுத்தி, கையிலிருந்த பால் டின்னைத் திறந்து பார்த்து, ஜீப்பில் ஏற்றிக் கோல குபு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"டின்னுல அரிசி மாவுன்னு சொல்றாங்கண்ணே. காட்டுக்காரனுக்குக் கொண்டு போறதாப் பேச்சு," என்றார் அமீன்.

செல்லையா கையிலிருந்த சகதியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மாவு இல்ல பாய். கல்லு. நான் கொண்டு போயிக் கொடுத்த கல்லு."

சொல்லிவிட்டு, ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு கணம் நின்றார். கல் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதானே விஷயம்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசி மழைக்காலம் அது. மலாயாக் காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாதபடி, மலையடிவாரத் தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அளந்து கொடுத்த அரிசியில் ஒரு மணிகூட கேட்டைத் தாண்டக் கூடாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, மரம் வெட்டப் போகிறவர்கள் பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தண்ணீர் போத்தலைக் குலுக்கிக் காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு பெண். பசியாறக் கஞ்சி கொண்டு போகவும் தடை. வேலை முடிந்து வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்துதான் முதல் வாய். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் பவுடர் டப்பாவுக்குள் அரிசி மாவு போனதைக் கண்டுபிடித்ததிலிருந்து, வெள்ளையாக எது தெரிந்தாலும் ஜீப் வந்துவிடும் என்ற நிலைமை.

நல்லம்மாளின் டின்னில் இருந்தது கோலப்பொடி. லயங்களைப் பெயர்த்தபோது மனிதர்களைக் கொண்டுவந்தார்கள், ஆடு கோழிகளைக் கொண்டுவந்தார்கள். பழைய லயத்து முனியாண்டிக் கல் மட்டும் வேலிக்கு வெளியே, நல்லம்மாள் மரம் வெட்டும் நிரையின் ஓரத்தில் தங்கிப்போனது. வெள்ளிக்கிழமைகளில் முதல் மரத்தில் கத்தி வைக்கும் முன் அந்தக் கல்லுக்கு எதிரே தரையைக் கையால் தள்ளிச் சுத்தம் செய்து சின்னதாக ஒரு கோலம் போடுவாள். கேட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். சோதிக்கும் கங்கா அடுத்த வீட்டுக்காரி. இத்தனை நாளும் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பியவள், அன்றைக்குப் புது சார்ஜண்டு பக்கத்தில் நின்றதால் திறந்தாள்.

அந்தப் பொடிக்கு ஒரு பழைய சண்டையின் கதை உண்டு. முன்பெல்லாம் நல்லம்மாள் பச்சரிசியை ஊறவைத்து இடித்துத்தான் கோலம் போடுவாள். ரேஷனைக் குறைத்த மாதம், கஞ்சியில் பருக்கையைத் தேடிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வாசலில் அரிசிக் கோலத்தைப் பார்த்த செல்லையாவுக்குத் தலைக்கேறியது. "புள்ளைங்க வயித்துக்கே பத்தல, எறும்புக்குப் பந்தி வைக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே காலால் அழித்துவிட்டார். மறுநாள் அவரே தான் வேலை செய்யும் லம்பத்திலிருந்து, அந்த ஈயச் சுரங்கத்திலிருந்து, ஒரு பை நிறைய வெள்ளைக் கல் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். பாறையை அறுக்கும்போது விழும் கழிவு. இடித்தால் சர்க்கரை மாதிரி வெளுப்பாகப் பொடியும். நல்லம்மாள் இடித்தாள், சலித்தாள், கோலமும் போட்டாள். ஒரே ஒரு தடவை மட்டும், "எறும்பு வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போவுதுங்க," என்றாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செல்லையாவின் வேலை இதுதான். ஈய லம்பத்தில் கெம்ப் துரை என்று ஒருவர், மண்ணுக்கு அடியில் ஈயம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறவர். துளை போட்டு எடுத்த பாறையில் ஒரு சில்லை அறுத்து, கண்ணாடித் துண்டில் பிசின் வைத்துச் சுடவைத்து ஒட்டி, இரும்புத் தட்டில் கருங்குருணைப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, பாறை கண்ணாடி மாதிரி ஆகிப் பின்னால் வைத்த காகிதத்து எழுத்து தெரியும்வரை மெலிய வைக்க வேண்டும். பாதி நாள் தேய்த்த சில்லு கடைசி நிமிஷத்தில் அழுத்தம் கூடிக் கரைந்து போவதும் உண்டு. விரல் நுனிகளில் ரேகை போய்விட்டது. பதிவுக் கார்டுக்குக் கைநாட்டு எடுத்தபோது வெறும் மைத்திட்டு விழுந்ததைப் பார்த்து, கணக்கெழுதும் கிராணி சிரித்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார்.

சில்லு போதுமான அளவு மெலிந்ததா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொள்ளத் துரை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். குழலின் மேலும் கீழும் இரண்டு தகடுகள். ஒன்றுக்கு ஒன்று குறுக்கே திருப்பினால் வெளிச்சம் செத்துப்போய் இருட்டாகிவிடும். அந்த இருட்டில் கல்லை வைத்தால், ஒவ்வொரு மணியும் தன் நிறத்தில் எரியும். வெள்ளைக் கல் சாம்பலாகத் தெரிந்தால் சில்லு சரி. மஞ்சள் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. மற்றதெல்லாம் துரையின் பாடு.

அன்று மத்தியானம் கோல குபு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிவானந்தத்தின் மேசைமேல் அந்தப் பால் டின் இருந்தது. இன்ஸ்பெக்டர் கிள்ளான் பக்கத்துத் தமிழர், நன்றாகப் படித்தவர், பல நாள் தூங்காத கண்கள். பொடியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்ததாகவும், பாதி அடியில் உட்கார்ந்தது, பாதி தண்ணீரை வெளுக்கச் செய்தது என்றும் சொன்னார். நல்ல பொடிக் கல்லும் அப்படித்தான் வெளுக்கும் என்றார் செல்லையா. ஒரு கான்ஸ்டபிள் நாக்கில் வைத்துப் பார்த்து, பல் கூசித் துப்பியிருந்தான். அது நல்லதுதான், ஆனால் கான்ஸ்டபிளின் பல்லைச் சாட்சியாகக் கோர்ட்டில் வைக்க முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். கோலாலம்பூரில் சோதிக்க அனுப்பினால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த அம்மா உள்ளேதான். அரிசி என்று வந்தால் வருஷக்கணக்கில் சிறை. தோட்டத்து நிர்வாகம் வீட்டையும் காலி பண்ணச் சொல்லும்.

வீடு நல்லம்மாள் பேரில் கிடைத்த வீடு. மரம் வெட்டுகிறவள் அவள்தான். அவள் பெயர் தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோலில் இல்லாவிட்டால், பெண் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு செல்லையா எங்கே போய் நிற்பது? வேலிக்கு வெளியே குடியிருக்க இப்போது யாருக்கும் அனுமதி இல்லை. வேறு வேலிக்குள் இடம் கொடுப்பவரும் இல்லை.

"எங்க துரைகிட்ட ஒரு கருவி இருக்குங்க," என்றார் செல்லையா. "ஒரு சிட்டிகை போதும். கல்லா மாவான்னு படம் புடிச்சே கொடுத்துருவாரு."

கெம்ப் துரையின் பெயரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலதிகாரியிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது. ஒரு உறையில் ஒரு சிட்டிகை போட்டு அரக்கு வைத்து ஒட்டினார். திங்கட்கிழமை வரை டின்னை எங்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

போவதற்கு முன் நல்லம்மாளைப் பார்க்க விட்டார்கள். காலையில் கட்டிய வேலைத் துணியோடு, ரப்பர் பால் காய்ந்த கைகளோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்றார்.

"சாப்ட்டியா?"

"ரொட்டி கொடுத்தாங்க. சின்னவளுக்குச் சளி. நவமணிகிட்டச் சொல்லி வெந்நி வச்சுக் கொடுக்கச் சொல்லுங்க."

"சரி. அந்தப் பொடியில கல்லு தவிர வேற ஒண்ணும் கலக்கலியே?"

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க கொண்டாந்த கல்லுதாங்க."

"இன்ஸ்பெக்டர் முன்னால சொல்லிடு."

"முனியாண்டி சத்தியமா கல்லுதான்."

செல்லையாவுக்கு அது போதுமாக இருந்தது. சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கருவாட்டைச் சுட்டுக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. பெரியவள் நவமணி தங்கச்சிக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, அம்மா எப்போது வரும் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

சனிக்கிழமை லம்பத்தில் அரை நாள் வேலை. கெம்ப் துரை உறையைப் பிரித்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசிமுனையால் பொடியைத் தூவி, மேலே மெல்லிய மூடியை வைத்தார். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. துரை பேச்சுக் குறைந்த மனிதர். போன வருஷம் மலைப்பாதையில் அவருடைய டிரைவர் சுடப்பட்டு இறந்ததிலிருந்து அதுவும் குறைந்துவிட்டது. அதிக நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி, செல்லையாவைப் பார்க்கச் சொன்னார்.

இருட்டில் மணிகள் எரிந்தன. அவர் தேய்க்கும் சில்லுகளில் அடங்கிய சாம்பலாகத் தெரியும் அதே கல், இங்கே பொடியாக, தடிமன் தடிமனாகக் கிடந்ததால், மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக உடைந்த வளையல் துண்டுகள் மாதிரி மின்னியது. நடுநடுவே கறுப்பு ஊசிகள். அது அவர்கள் லம்பத்துக் கல்லில் மட்டும் ஓடும் ஊசி. செல்லையா சிரித்தேவிட்டார். துரை சிரிக்கவில்லை. கண்ணாடியை லேசாக நகர்த்தி, உருப்பெருக்கும் வில்லையை மாற்றி, மறுபடி பார் என்றார்.

இப்போது ஓரத்தில் வேறு ஒரு கூட்டம் தெரிந்தது. மணல் அல்ல. துகள் துகளாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி, மங்கலான வெளிச்சத்தில். ஒவ்வொரு துகளுக்கும் நடுவே மிகச் சின்னதாக ஒரு கறுப்புச் சிலுவை. துரை தட்டைத் திருப்பினார். கல்மணிகள் அணைந்து அணைந்து எரிந்தன. சிலுவைகள் மட்டும் அப்படியே நின்றன.

இது கல் இல்லை, அரிசி என்று துரை மலாய் மொழியில் சொன்னார். அதிகம் இல்லை, ஒரு சட்டிக் கல்லுக்கு ஒரு பிடி அரிசி இருக்கலாம். ஆனால் இருக்கிறது.

செல்லையா குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் துரையைப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டேஷனில் நல்லம்மாள் ஒரு கணம் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அரிசி என்று சொல்லியிருந்தால், போலீசுக்குச் சொல்லும் முன்னால் அவள் தன் புருஷனுக்கல்லவா பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சில மாதங்களாக அவள் கஞ்சியில் தண்ணீர் மட்டுமே அதிகமாக இருந்ததும், கேட்டால் பல்வலி என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. அவள் தன் பங்கிலிருந்து எடுத்திருக்கிறாள்.

துரை கேமராப் பெட்டியைக் குழலின்மேல் பொருத்தினார். தகடு மாட்டினார். கண்ணாடித் துண்டு இன்னும் அந்தச் சிலுவைகளின் பக்கத்தில்தான் இருந்தது.

"துவான்," என்றார் செல்லையா மலாயில். "அந்த ஓரம் வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் இதைப் பார், இதைப் பார்க்காதே என்று அவர் துரையிடம் சொன்னதில்லை. துரை எழுந்து சன்னலுக்குப் போய் மழையைப் பார்த்தார். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று திரும்பாமலே கேட்டார். கல்லா என்று கேட்டார்கள் என்றார் செல்லையா. துரை திரும்பி வந்தார். கட்டை விரலால் கண்ணாடித் துண்டை ஒரு மயிரிழை தள்ளினார். வெளிச்சத்தைத் திறந்தார், மூடினார்.

அது இரக்கமா, அலுப்பா என்று செல்லையாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. துரை எழுதிக் கொடுத்த கடிதமும் சிக்கனமானது. இந்தப் படத்தில் இருப்பது கல் மணிகள், எங்கள் லம்பத்துக் கல்லைப் போன்றவை. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் படத்தை மேசைமேல் வைத்தபோது இன்ஸ்பெக்டர் அதை எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"செல்லையா, உங்க சம்சாரம் காலையில வேற சொல்றாங்க. ஒரு பிடி அரிசி போட்டு இடிச்சாங்களாம்."

நல்லம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாமி பேர்ல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேங்க," என்றாள் அவரைப் பார்க்காமல். "தூக்கம் வரல. ஆனது ஆவட்டும்னு சொல்லிட்டேன். என் பங்கு அரிசி. எறும்பு திங்கத்தான். காட்டுல எவனையும் எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் இப்போது படத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் நிறமெல்லாம் செத்து, கூர்கூராகக் கல் மணிகள் மட்டும். கடிதத்தையும் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தார். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் அவர் படிக்கிறார் என்று செல்லையாவுக்குத் தோன்றியது.

"அம்மா சொன்னத நான் இன்னும் எழுதல," என்றார். "எழுதினா அப்புறம் அழிக்க முடியாது. இதையும் அதையும் ஒண்ணா மேல அனுப்பவும் முடியாது. நீங்களே சொல்லுங்க. உங்க சம்சாரம் சொல்றது உண்மையா, இந்தப் படம் உண்மையா?"

வெளியே யாரோ லாரியைக் கிளப்ப முயன்று கொண்டிருந்தார்கள். அது இருமி இருமி நின்றது. நல்லம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"படம்ங்க," என்றார் செல்லையா. "இவ பயத்துல ஒளர்றா."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். இனி எந்த டின்னும் கேட்டைத் தாண்டக் கூடாது, கல்லானாலும் மண்ணானாலும் சரி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். செல்லையாவின் கைநாட்டு இங்கேயும் வெறும் திட்டாகத்தான் விழுந்தது.

கெர்லிங்குக்குப் பஸ் ஏறினார்கள். இறங்கித் தோட்டத்துச் செம்மண் சாலையில் நடக்கும்போது மழை விட்டிருந்தது. ரப்பர் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஈர மரத்தில் அன்றைக்கு யாரும் கத்தி வைத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் சம்பளமில்லாத நாள். பாதி வழியில் நல்லம்மாள் நின்றாள்.

"நான் பொய் சொன்னப்ப நம்புனீங்க. உண்மையச் சொன்னப்ப ஒளர்றான்னீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்றே? வீடு போயிருக்கும்."

"தெரியுது. அந்தப் படத்துல என் அரிசி இல்லியா?"

"பொடியில இருந்துச்சு. படத்துல வரல."

"அப்ப படம் பொய்யா?"

செல்லையா கொஞ்ச தூரம் நடந்தார். "பொய் இல்ல. வேற பக்கமாப் பாத்துச்சு."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, துரையின் கருவியில் அரிசி எப்படி இருந்தது என்று கேட்டாள். அவ்வளவு பொடியாக இடித்திருந்தேனே, எப்படித் தெரிந்தது? அவர் சொல்ல முயன்றார். இருட்டு, சின்னச் சின்ன வெளிச்சம், ஒவ்வொன்றுக்கும் நடுவே கறுப்பாக ஒரு குறுக்குக்கோடு, தட்டைத் திருப்பினாலும் அது திரும்பாமல் நின்றது.

"கல்லு?"

"கல்லு பளபளன்னு இருந்துச்சு. அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுச்சு."

"ஆமா, கல்லுக்கு என்ன," என்றாள்.

கேட்டில் கங்கா நின்றிருந்தாள். உள்ளே வருகிறவர்களைச் சோதிப்பதில்லை. ஆனாலும் வழியை மறித்தாற்போல நின்று, "கோவமாக்கா? என் வேலைலா அது," என்றாள்.

"நீ என்ன பண்ணுவே. தொறந்து பாக்கத்தான சம்பளம்," என்று சொல்லிவிட்டு நல்லம்மாள் உள்ளே போனாள். இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்த காலி டின்னை வழியில் எங்கோ போட்டுவிட்டிருந்தாள்.

மறுநாள் விடிவதற்குள் உரலின் சத்தத்தில் செல்லையா விழித்தார். கல் இடிபடும் சத்தம் அவருக்குத் தெரியும், பல்லுக்குள் இறங்குகிற சத்தம் அது. இது அதுவல்ல. மெத்தென்று, ஈரமாக விழுந்தது. சத்தம் நின்ற பிறகு எழுந்து வாசலுக்கு வந்தார். நல்லம்மாள் வேலைத் துணி கட்டி, தலையில் முண்டாசு சுற்றி, பெரட்டுக்குப் புறப்படும் கோலத்தில் குனிந்திருந்தாள். சாணி தெளித்த வாசலில், லயத்து விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், அவள் விரல் இடுக்கிலிருந்து மாவு இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல பச்சரிசி மாவு. பக்கத்தில் கல்பொடி மூட்டை வாய் கட்டிய நிலையில் குப்பையோரம் கிடந்தது.

"வெளிய கொண்டு போகக் கூடாதுன்னுதான சொன்னாங்க," என்றாள் நிமிராமல். "முனியாண்டிக்குச் சொல்லிட்டேன். வேணும்னா கம்பிக்கு உள்ள வந்து பாத்துக்கட்டும்."

செல்லையா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என் பங்கு இல்ல," என்றாள் அவள். "இன்னிக்கு உங்க பங்குல எடுத்தேன்."

உரலையும் உலக்கையையும் உள்ளே வைத்துவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தாள். செல்லையா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரோரத்து விரிசலிலிருந்து எறும்புகள் வந்தன. முதலில் வந்தது கோட்டைத் தொட்டுவிட்டு நின்றது. பின்னால் வந்தவை நிற்கவில்லை. வரிசை அவர் கால் பெருவிரலை நோக்கி வந்தபோது, அவர் காலை எடுத்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.